மொனிக்கின் அருகில் ஒரு மணித்தியாலம்

கடந்த செவ்வாய்க்கிழமை, கியூபெக்கின் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் நான் வேலையில் நின்று, விமானத் தட்டுகளில் வெண்ணெய்க்கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. மதியம் பன்னிரண்டு மணியாகச் சற்று நேரம் இருந்தது. "மொனிக் போயிட்டா. உங்கட நேரம் ரெண்டிலயிருந்து மூண்டு" என்றார் லுக். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான இவர்தான், மொனிக் போய்வந்த பௌத்த தியானக் குழுவை நடத்துபவர். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். ஒரு பிணத்தின் பக்கத்தில் தனியே ஒரு மணித்தியாலம் இருப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

மொனிக், லுக், அவர்களுடைய ஆட்கள் எல்லோரும் கதைத்தது பிரெஞ்சில். என் காதில் அது எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

மொனிக் பதினொரு வருடம் என் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒன்பது பிள்ளைகள் உள்ள கியூபெக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதில் கோவிலை விட்டு, முப்பதைத் தாண்டிப் பௌத்தரானவர். நான் மன்னார்க்காரி, இன்றும் கத்தோலிக்கம்தான். ஒரு ஞாயிறு பூசையையும் தவறவிடமாட்டேன்.

நான் சேர்ந்த இரண்டாவது கிழமை, இலங்கையிலிருந்து வந்தவள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். இலங்கை என்றால் பௌத்தம் என்பதுதான் அவர் புத்தகங்களில் படித்தது. மறுநாள் காலை, மேசையில் என்னுடைய இடத்தில் கையளவு வெள்ளைப் புத்தர் சிலை ஒன்றை வைத்து, பக்கத்தில் ஒரு பூவும் வைத்திருந்தார். என்னை வரவேற்கிறாராம். நான் குளிர் அறைக்குள் ஓடிப்போய்ச் சீஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். தேடி வந்து கண்டுபிடித்தவரும் அவர்தான்.

எங்கள் ஊர் இராணுவச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் ஓர் அரசமரம் இருந்தது. அதன் அடியில் இதே மாதிரி வெள்ளைச் சிலை. விசாரணைக்கென்று அண்ணையை உள்ளே கூப்பிட்டபோது, "அந்தச் சிலையடியில் நில், வருவான்" என்றார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. பொழுது சாயும்வரை நின்றேன். அவர் இன்னும் வரவில்லை. புத்தர் என்ன பிழை செய்தார்? ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். என் கை கால்களுக்கு அது தெரியாது.

பல மாதம் கழித்து, அரைகுறைப் பிரெஞ்சில் இதை மொனிக்கிடம் சொன்னேன். "உங்கட நாட்டைப் பற்றிப் பன்னிரண்டு புத்தகம் வாசிச்சனான். ஒண்டிலயும் நீங்கள் இல்லை" என்றார். அதன்பிறகு அந்தச் சிலையை வேலையிடத்தில் நான் கண்டதில்லை.

ஒருமுறை அவர் கூப்பிட்டதற்காக அவர்களுடைய தியானக் கூட்டத்துக்குப் போனேன். அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு கத்தோலிக்கக் கோவிலின் நிலவறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மேலே மாதா இருக்கிறா என்ற தைரியத்தில்தான் படியிறங்கினேன். வாசலில் பனிச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. எல்லோருக்கும் நரைத்த தலை, முழங்கால் நோவு. அதனால் சம்மணம் இல்லை, கதிரைதான். ஒருவருக்கு ஆஸ்துமா என்பதால் ஊதுபத்தியும் இல்லை. சூத்திரங்களைப் பிரெஞ்சில், தாங்கள் சின்ன வயதில் பாடிய தேவாலயப் பாட்டின் மெட்டிலேயே ஓதினார்கள். முடிந்ததும் பட்டாணி சூப். மொனிக் எனக்கும் முன்னால் வைத்திருந்த புத்தர் சிலைக்கும் நடுவில் தன் கதிரையைப் போட்டுக்கொண்டு, கடைசிவரை அசையாமல் இருந்தார்.

போன வருடம் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். சென்ட் லோரன்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். அங்கேதான், இறந்தவரின் பக்கத்தில் காவல் இருக்கும் வழக்கத்தைப் பற்றிச் சொன்னார். மூச்சு நின்ற உடனே உயிர் விலகிவிடாது என்பது அவர்கள் நம்பிக்கை. உடலைத் தொடக்கூடாது, அழக்கூடாது, ஒருவர் மௌனமாக அருகில் இருக்கவேண்டும். அவர்களுடைய பௌத்த குருமாரின் நாட்டில் மூன்று நாள் இருப்பார்களாம். இங்கே நிர்வாகம் கொடுத்தது நான்கு மணித்தியாலம். "மூண்டு நாள் அலுவலை நாலு மணித்தியாலத்தில முடிக்கவேணும், எங்கட சமையற்கூடம் மாதிரித்தான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு என் கையைப் பிடித்தார்.

"எனக்குச் சரியான பயமாக் கிடக்கு. இவ்வளவு வருசம் கண்ணை மூடி இருந்தும் இந்தப் பயம் போகேல்லை. நான் சாந்தமாப் போவன் எண்டு அவையள் எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கினம். அவையளிட்டச் சொல்ல வாய் வருகுதில்லை. ஒரு மணித்தியாலம் நீங்கள் இருங்கோ. பயப்பிடுற ஆள் ஒண்டு பக்கத்தில வேணும்."

"ஓம், இருக்கிறன்" என்றேன். பஸ் தரிப்புக்கு வருமுன்பே அப்படிச் சொன்னதை நினைத்து வருந்தினேன்.

செவ்வாய்க்கிழமை கிளம்புமுன் கணவருக்கு அழைத்தேன். "உனக்கு ஏன் இந்த வில்லங்கம்? ஏலாது எண்டு சொல்லன்" என்றார். "இஞ்சாருங்கோ, சொல்லிப்போட்டன். போகத்தான் வேணும்" என்றேன்.

இரண்டு மணிக்கு மொனிக்கின் அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அவர் வாய் சற்றுத் திறந்திருந்தது. எங்கள் ஊரில் என்றால் நாடிக்குத் துணி கட்டி வாயை மூடியிருப்பார்கள். என் கை தானாக எழும்பியது. இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஹீட்டர் டக்கென்ற போதெல்லாம் அவர் மூச்சு விட்டதாக நினைத்துக் குனிந்து பார்த்தேன். செபமாலை கையில் இருந்தது, செபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அண்ணைக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. அது பிணத்தைவிடப் பயமாக இருந்தது. இரண்டு தடவை கதவுப் பிடியைப் பார்த்தேன். கடைசியில் மௌனத்தை நான்தான் மீறினேன். "பயமோ, மொனிக்? எனக்கும்தான்" என்று தமிழில் சொன்னேன்.

மூன்று மணிக்கு லுக் வந்தார். சாவைப் பற்றித் தியானிக்க எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர், கதவு நிலையைப் பிடித்தபடி உள்ளே வராமல் நின்றார். நான் கோட்டைப் போட்டு முடித்திருந்தேன்.

"அவ பயப்பிட்டவவோ?" என்று மெல்லக் கேட்டார்.

சொல்லலாமோ என்று ஒரு கணம் யோசித்தேன். "ஓம்" என்றேன். "சரியான பயம்."

அவர் கதவு நிலையை விட்டு உள்ளே வந்தார். "அப்ப நீங்களும் கொஞ்சம் இருங்கோ" என்றார். நான் கோட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

மொனிக், எங்கள் பயம் போகவில்லை. நான்கு மணிக்கு உங்களை எடுத்துப்போக ஆட்கள் வரும்வரை நானும் லுக்கும் எழும்பவும் இல்லை. போய் வாருங்கள்.