சரோஜா சொன்ன சாக்கு

போன புதன்கிழமை பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில், என் பேத்தி வயதுப் பெண் எனக்கு ஃபெயில் மார்க் போட்டாள். முப்பத்திரண்டு வருஷம் தமிழாசிரியராக இருந்தவனுக்கு!

நான் அழைத்துப் போனது மனைவி சரோஜாவை. ஆறு மாதம் முன்பு எங்கள் கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் ஸ்கூட்டர் இடித்துத் தலையில் அடி. பிழைத்துக்கொண்டாள். பேச்சுதான் தேடித் தேடி வரும்... அதுவும் மூன்று வாரமாக என்னிடம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு லட்சுமம்மாவிடம் ஏதோ முணுமுணுக்கிறாள். என்னைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறாள்.

நான் சும்மா இருந்தேனா? தினமும் எதிரே உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தேன். டம்ளரைத் தூக்கி, "இது என்ன?" சீப்பைத் தூக்கி, "இது என்ன?" வீட்டுக்கு யாராவது வந்தால் அவர்கள் எதிரிலும் — "இவர் யார், சொல்லு பார்ப்போம்?" அவள் வாய் திறப்பதற்குள் விடையையும் நானே சொல்லிவிடுவேன்.

கடைசியாக அவள் சொன்ன வார்த்தை "சாக்கு". டம்ளருக்கும் சாக்கு, சீப்புக்கும் சாக்கு. திருத்தித் திருத்திப் பார்த்து, ஒருநாள் அரிசிச் சாக்கையே இழுத்து வந்து, "இதுதான் சாக்கு" என்று காட்டினேன். அழுதாள்.

பேச்சுப் பயிற்சி தரும் அந்தக் கன்னடப் பெண் இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இத்தனை வருஷமா கோலார் பக்கம் இருக்கீங்களே சார்... சாக்குன்னா என்னன்னு தெரியாதா?"

தெரியும். கன்னடத்தில் 'போதும்'. கடைக்காரரிடம் நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் தமிழைத் தவிர எதுவும் கூடாது என்று கல்யாணமான வாரமே சட்டம் போட்டவன் நான். தங்கவயலில் மூன்று பாஷையோடு வளர்ந்தவள், நாற்பது வருஷம் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றினாள். அடிபட்ட தலைக்கு அது மறந்துவிட்டது. அவள் கெஞ்சியிருக்கிறாள். நான் மார்க் போட்டிருக்கிறேன்.

"டிரெயினிங் அம்மாவுக்கு இல்ல சார், உங்களுக்குத்தான்," என்றாள் அந்தப் பெண். பரீட்சை வைக்கக் கூடாதாம். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். முக்கியமாக, பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கவே கூடாதாம்.

பங்காருபேட்டை வரும்வரை ரயிலில் யோசித்தேன். சரோஜாவிடம் கேட்க, எனக்குப் பதில் தெரியாத கேள்வி... ஒன்றுகூட அகப்படவில்லை.

மறுநாள் குழம்பு வைத்தேன். வாயில் வைக்க விளங்கவில்லை. கரண்டியில் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"இதுல இன்னா குறையுது சரோஜா? எனக்குத் தெரியல."

நிஜமாகவே தெரியவில்லை. அவள் நக்கிப் பார்த்தாள். காத்திருந்தேன். 'உப்பா?' என்று கேட்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"புளி..." என்றாள். நிறுத்தினாள். தேடினாள். "புளியே... போடல நீங்க."

நாற்பது வருஷத்தில், அவள் சொல்லி, குறுக்கே பேசாமல் நான் கேட்டு முடித்த முதல் வாக்கியம் அது.