பானை உடைக்காத வீரன்

என் தம்பிக்கு அம்மா மேல் பாசம் வந்தால் அது ஒரு மின்சாதனமாகத்தான் வீட்டுக்கு வந்து இறங்கும். அப்பா காலமானபோது வாஷிங் மெஷின் வந்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நடந்தபோது, பேசினால் பதில் சொல்லும் ஒரு டப்பா வந்தது. அம்மா பேசும் தமிழுக்கு அது ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. பிறகு சென்னையில் பதினோராவது மாடியில் வீடு வாங்கினான். "இனிமே அம்மா என்னோடதான்" என்று அறிவித்துவிட்டு, பரணில் கிடந்த தன் பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கி டிவியில் மாட்டிக் கொடுத்தான். மூளைக்குப் பயிற்சியாம். அங்கே வந்த பிறகு பொழுது போகாமல் தவிக்கக் கூடாதே, அதற்கு இங்கேயே ஒத்திகையாம். காரைக்காலில் வாசல் கதவைத் திறந்தால் போதும், தெருவே பேச வரும். அதையெல்லாம் விட்டுவிட்டு வருகிறவளுக்கு ஒரு பெட்டி. என்ன ஒரு அக்கறை!

அந்தப் பெட்டிக்குப் பூர்வீகம் உண்டு. பிரான்ஸ் குடியுரிமை வாங்கிக்கொண்டு போன ஒன்றுவிட்ட மாமா ஒருவர் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. கூடவே ஒரே ஒரு கேசட். அதில் வாளும் கேடயமும் ஏந்திய ஒரு வீரன் ஊர் ஊராகப் போவான். ஒவ்வொரு ஊருக்கும் அடியில் ஒரு பாதாளம். அதில் இறங்கிக் கல்லைத் தள்ளி, விளக்கேற்றி, சாவி தேடி, கடைசியில் ஒரு பூதத்தைக் கொல்ல வேண்டும். அதில் எல்லாரும் பேசுவது பிரெஞ்சு. எங்கள் வீட்டில் அந்தப் பாஷை யாருக்கும் தெரியாது. தம்பி பள்ளிக்கூட நாட்களில் அர்த்தம் புரியாமலேயே ஆடி முடித்தான். 'கதவு பூட்டியிருக்கிறது', 'உன்னிடம் சாவி இல்லை' என்ற இரண்டு வாக்கியங்கள் மட்டும் பிரெஞ்சில் இன்றைக்கும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாரிஸுக்குப் போனால் பிழைத்துக்கொள்வான்.

அந்த நாட்களில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் வரவே மாட்டான். "நடுவுல விட்டுட்டு வர முடியாதும்மா, பாதாளம் முடியட்டும்!" என்று உள்ளேயிருந்து கத்துவான். அம்மா தட்டை மூடி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இதை அவன் மறந்துவிட்டான். அம்மா மறக்கவில்லை.

நான் வாக்கப்பட்டது அம்பகரத்தூர். வேலை காரைக்காலில், வாஞ்சூர் துறைமுகத்துக்கு லாரி ஏற்பாடு செய்யும் ஒரு ஏஜென்சியில் கணக்குப் பார்ப்பது. மத்தியானச் சாப்பாடு அம்மா வீட்டில். நாளெல்லாம் நிலக்கரி லாரிக்காரர்களிடம் கத்திக்கொண்டிருக்கும் எனக்கு அந்த ஒரு வேளைதான் மனுஷியாக உட்காரக் கிடைப்பது. அம்மா சென்னைக்குப் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இந்த மாதிரி விஷயத்தில் ஓட்டுரிமை கிடையாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். வாயை மூடிக்கொண்டு ரசம் சாப்பிட்டேன்.

அம்மாவும் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. தம்பி கூப்பிட்டு இதுவரைக்கும் எதற்கும் அவள் மாட்டேன் என்றதில்லை. "வரேன்டா" என்றாள்.

ஆட்டம் ஆரம்பித்த முதல் நாளே தகராறு. அந்த வீரன் கண்ணில் பட்ட வீட்டுக்குள்ளெல்லாம் நுழைந்து அங்கிருக்கும் பானைகளை உடைப்பான். உள்ளே காசு இருக்கும். அதை வைத்துத்தான் மருந்து, கேடயம் எல்லாம் வாங்க வேண்டும். தம்பி அவனுக்குத் தன் பெயரையே வைத்துக் கொடுத்திருந்தான். திரையின் ஓரத்தில் அது எந்நேரமும் தெரிந்துகொண்டே இருக்கும்.

"அடக் கண்றாவியே! வீட்டுக்காரி நிக்கிறா, அவ கண்ணு முன்னாடியேவா ஒடைக்கிறது?" என்றாள் அம்மா.

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டாம்மா. ஒடைச்சாத்தான் காசு" என்றேன்.

"என் புள்ளை பேர வச்சுக்கிட்டு அடுத்தவ வீட்ல திருடுவானா? போடி, வேலையப் பாரு."

புல்லை அறுத்தாலும் எப்போதாவது ஒரு காசு விழும். அது கூலி, அதில் தப்பில்லை என்பது அம்மாவின் தீர்ப்பு. உலகத்தைக் காப்பாற்ற வந்தவன் நூறு நாள் வேலைக்கு வந்தவன் மாதிரி வயல் வயலாகப் புல் அறுத்துக்கொண்டிருந்தான். ஓட்டைக் கேடயத்தோடு போய் வௌவாலிடம் அடிபட்டுச் செத்தான். எழுந்து வந்து மறுபடியும் அறுத்தான். என் தம்பி தன் ஆயுசில் அவ்வளவு உழைத்ததில்லை.

தண்ணீர்ப் பாதாளத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டாள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று மதகுகள். எதை முதலில் திறக்க வேண்டும் என்று சுவரில் எழுதித்தான் இருந்தது, பிரெஞ்சில். அம்மா குரும்பகரத்தில் நெல் வயலுக்கு நடுவே வளர்ந்தவள். காவிரித் தண்ணீர் ஊர் உலகத்துக்கெல்லாம் பாய்ந்த பிறகு மிச்சம் இருந்தால் வந்துசேரும் கடைமடை அது. அதனால் ஒவ்வொரு தடவையும் கீழ் மதகைத்தான் முதலில் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் வெள்ளம் வீரனை அள்ளிக்கொண்டுபோய் வாசலில் தள்ளியது.

"மேல இருக்கறதத் தொறந்துதான் பாரேம்மா" என்றேன்.

"மேல இருக்கவனுக்கு என்னைக்குடி மொதல்ல கெடைக்காமப் போச்சு? கீழ இருக்கவன் பாவம் இல்லியா?"

வீரன் மூழ்கிக்கொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி போன் செய்வான். "எப்பம்மா வந்து கூட்டிட்டுப் போவட்டும்?"

"தண்ணிக்குள்ள நிக்கிறேன்டா. பாதாளம் முடியட்டும். நடுவுல விட்டுட்டு வர முடியுமா, நீயே சொல்லு?"

அவன் போட்ட சட்டம், அவனே எப்படி மீறுவான்? அதிலும் பெரிய ஆட்டக்காரன் வேறு. "அதான, சேவ் பண்ணாம எப்படி வருவே" என்று முனகிவிட்டு வைத்துவிடுவான். எனக்கு ரசம் அன்றைக்கெல்லாம் கூடுதலாக ருசித்தது.

எத்தனை நாளைக்கு இது ஓடும்? ஒரு ஞாயிறு அவனே வீடியோ காலில் வந்து உட்கார்ந்துவிட்டான். "மேல் மதகும்மா. இப்ப நடு மதகு. இப்ப வலப்பக்கம் கல்லைத் தள்ளு." புள்ளை வாய்விட்டுச் சொல்லும்போது அம்மா வேறு பக்கம் தள்ளுவாளா? வாரத்துக்கொரு பாதாளம் முடிந்துகொண்டே வந்தது. கேடயம் வாங்கக்கூட அவனே புல்வெளிகளில் ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்தான். கடைசிப் பூதத்தின் வாசலுக்கு வந்துவிட்டாள். "அங்கயே நில்லும்மா. ஆயுத பூஜை லீவுல கார்ல வரேன். ரெண்டு பேரும் சேந்து அதக் கொன்னுட்டு, கையோட உன்னைக் கூட்டிட்டு வந்துடுறேன்" என்றான்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் நான் போனபோது வீரன் பூதத்தின் வாசலில் இல்லை. முதல் ஊரில் இருந்தான். ஒரு வீட்டு வாசலில் நிற்பான், அந்த வீட்டுக்காரி பிரெஞ்சில் ஏதோ சொல்வாள், அடுத்த வீட்டுக்குப் போவான்.

"இங்க எதுக்கும்மா வந்தே? இங்கதான் ஒண்ணும் இல்லியே?"

"ஊரை விட்டுப் போறவன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவ வேணாமா?" என்றாள், திரையைப் பார்த்துக்கொண்டே.

பாதிச் சோற்றில் எழுந்தேன். கையைக் கழுவிக்கொண்டு ஆபீசுக்குப் போய், காரணமே இல்லாமல் ஒரு லாரி டிரைவரைத் திட்டினேன்.

ஆயுத பூஜைக்குத் தம்பி வந்து இறங்கினான். வந்ததும் முதல் வேலையாக அம்மாவின் துணிப்பெட்டியைக் கார் டிக்கியில் ஏற்றினான். வழக்கம்போல அம்மா வீட்டிலிருந்த அத்தனை சாமான்களையும் சாமி முன்னால் அடுக்கினாள். அரிவாள்மனை, தையல் மெஷின், மிக்ஸி, என் கால்குலேட்டர், தம்பியின் லேப்டாப். கடைசியில் அந்தக் கேசட்டும் வந்து உட்கார்ந்தது. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சாயங்காலமே பூதத்தை முடித்துவிடலாம் என்று தம்பி பரபரத்தான்.

"பூஜையில வச்சத அன்னைக்கே எடுக்கக் கூடாதுடா. காலம்பற எடுத்துக்க" என்றாள் அம்மா.

காலையில் கேசட்டைச் சொருகினான். திரை கறுப்பாகவே நின்றது. பழைய பழக்கத்தில் அதன் வாயில் பலமாக ஊதினான். மஞ்சளாகப் பொடி கிளம்பி அவன் மூஞ்சியிலேயே அடித்தது. வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தோம். கேசட்டின் வாய் நிறையச் சந்தனம், இறுகக் காய்ந்திருந்தது. மேலே அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

"அம்மா! கேசட்டுக்குள்ள யாராச்சும் சந்தனத்த அப்புவாங்களா?" அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வாளு, கேடயம் எல்லாம் அதுக்குள்ளதானேடா இருக்கு? ஆயுதத்துக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கச் சொல்றே?"

அன்றைக்குக் காலை முழுக்க ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துச் சுரண்டினான். கடைசியில் உயிர் வந்தது. ஆனால் சேவ் செய்து வைத்திருந்த இடம் காலி. வீரனையும் காணோம், அவன் போன பாதாளங்களையும் காணோம்.

"ஈரம் உள்ள போயி எல்லாம் அழிஞ்சு போச்சும்மா."

"அய்யய்யோ! அப்ப மொதல்லேருந்தா?" அம்மா மோவாயில் கையை வைத்துக்கொண்டாள். "நேத்திக்கே அந்தப் பூதத்தக் கொன்னிருக்கலாமே, நான்தான் எடுக்க வேணாம்னேன். பாவிடா நான்."

தம்பி என்ன செய்வான்? அவனே அவளைத் தேற்றினான். "பரவால்லம்மா, பொறுமையா ஆடு. முடிச்சுட்டுச் சொல்லு" என்று சொல்லி, டிக்கியிலிருந்து துணிப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போனான்.

நான் மற்ற சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்பில் மூடியின் மூலையில் மிளகளவு பொட்டு. மிக்ஸியில் சுவிட்சுக்கு எட்டாத இடத்தில். தையல் மெஷினில் எண்ணெய்த் துளைக்குத் தள்ளி. என் கால்குலேட்டரில், பட்டனில் பட்டுவிடக் கூடாதென்று பின்பக்கத்தில். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அம்மா வைக்கும் சந்தனம் எந்தச் சாமானையும் கெடுத்ததில்லை. இந்தக் கேசட்டில் மட்டும் வழித்து உள்ளே தள்ளியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். "நான் இங்கயே இருக்கேன்டான்னு ஒரு வார்த்தை அவன்கிட்ட சொல்லிட வேண்டியதுதானேம்மா?"

"ஆசையாக் கூப்புடுற புள்ளைகிட்ட மாட்டேன்னு எப்படிடி சொல்றது? வாய் வரலியே." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "இது என்னமோ கேக்குது பாரு" என்று டிவியைக் காட்டினாள்.

புது வீரனுக்குப் பெயர் கேட்டது.

"தம்பி பேரையே போடவா?"

"வேணாம். என் பேரப் போடு."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போட்டேன். திரையின் ஓரத்தில் அம்மாவின் பெயர் வந்தது. படுக்கையிலிருந்து எழுந்த வீரனை நேராக முதல் வீட்டுக்குள் கொண்டுபோனாள். வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் முன்னாலேயே அம்மா வாளை ஓங்கினாள். சுவரோரம் இருந்த பானைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"அம்மா! திருட்டும்மா அது!"

"என் பேர்லதானடி பண்றேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குள் நுழைந்தாள்.