பஸ்ஸில் மறந்த மரம்

காலை 7.40. கலஹா பஸ் தரிப்பிடத்தில் முதலில் கண்ணில் படுவது, நேற்று மாலை நான் பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கிய கல். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி ஒருவர், கத்தியும் கையுமாக அதை வைத்துக்கொண்டு நிற்கிறார். சாண் நீளச் சாம்பல் கல், நெடுக வரிகள். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் பேராதனை நண்பரிடம் இரவல் வாங்கியது.

"ஒங்க கல்லுங்களா? சீட்டுல கெடந்துச்சு. யாரோ கவ்வாத்துக்காரரு கத்தி தீட்டுற கல்லுன்னு நெனச்சேன். அது இல்லாம மனுசன் எப்படி மலைக்குப் போவாரு?"

"இதுல கத்தி தீட்டினீங்களா?" என் பயம் அதுதான். தீட்டினால் வரிகள் போய்விடும்.

"அடுத்தவரு கல்லுல நாங்க தீட்ட மாட்டோங்க."

கல்லைத் தடவிப் பார்க்கிறேன். எல்லா வரிகளும் இருக்கின்றன. அது கல்லாகிப்போன மரத்தண்டு என்கிறேன். பெயர் கலமைட்டீஸ், முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகளில் வளர்ந்தது. அதன் இன்றைய உறவான குதிரைவால் செடிகள் பெரும்பாலும் இடுப்பளவைத் தாண்டுவதில்லை.

"அது எம்புட்டு உசரம்?"

"தென்னை அளவுக்கு."

சிரிக்கிறார். "கவ்வாத்து பண்ணாம விட்டுட்டாங்க போல. விட்டா தேயிலையும் மரந்தாங்க."

இரண்டு முறை நன்றி சொல்கிறேன். எப்போதிருந்து நிற்கிறார் என்று கேட்கிறேன்.

"விடிஞ்சதுல இருந்துங்க. அந்தக் கவ்வாத்துக்காரரு கல்லைத் தேடிக்கிட்டு வருவாருல்ல."

தோட்டத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் எடுப்பதைப் பெரட்டு என்பார்கள். பிந்தி வருபவருக்கு அன்று வேலை கிடையாது. இன்றைய பெரட்டு ஆறரைக்கு முடிந்துவிட்டது.