சம்பந்தியின் கிளட்ச் கால்

அந்த மெக்கானிக்கின் பட்டப்பெயர் 'காது'. ஓடுகிற இன்ஜின் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். பழைய வண்டிக்காரர்கள் ஜாதகம் பார்க்க வந்தவர்கள்போல வாய் பொத்திக் காத்திருப்பார்கள். "வால்வு", "தண்ணி பம்ப்பு" என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு வரும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் வினையாகப் போயிற்று.

அவர் மகளின் மாமனார் தையல்காரர். அதிகம் பேசாத மனிதர். கல்யாணத்தின்போது சம்பந்திக்கென்று தன் கையாலேயே ஒரு சட்டை தைத்துக் கொடுத்தவர். தையலை விட்டால் அவருக்கு இருந்த ஒரே ஆசை தன்னுடைய பழைய கார்தான். ஆயுசில் பாதியை மிஷின்மேல் குனிந்தே கழித்தவருக்கு, ஸ்டியரிங் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்து போவதில் ஒரு தனிப் பெருமை.

அந்தக் காரை மழைக்கு முன்னால் சர்வீசுக்கு விட்டார். சம்பந்தி வண்டியாயிற்றே என்று காது யாரையும் தொடவிடவில்லை. ஏர் ஃபில்டர் மாற்றினார், பிளக் மாற்றினார், இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவிப் பளபளவென்று அனுப்பிவைத்தார். சில நாளிலேயே கார் திரும்பி வந்தது.

"நிக்கிறப்ப நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. மேடு ஏறுனா மூச்சு வாங்குது. கறுப்பா புகையும் வருது. அதுவும்..." தையல்காரர் தயங்கினார். "சர்வீசுக்கு அப்புறம்தான்."

அந்தக் கடைசி வார்த்தைகள் சுருக்கென்று தைத்தன. காது ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார். நின்ற இடத்தில் இன்ஜின் சுத்தமாக ஓடியது. சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று பக்கத்தில் உட்கார்ந்து போனார். மேட்டில் கார் திணறியபோது கீழே பார்த்தார். தையல்காரரின் இடதுகால் கிளட்ச் மேலேயே இளைப்பாறிக்கொண்டிருந்தது. கிளட்ச் அழுந்திக் கிடந்தால் வண்டி எங்கே இழுக்கும்? காரணம் போதாதா?

அன்றைக்கு மகள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவரே ஆரம்பித்தார். "வண்டியில ஒரு கோளாறும் இல்ல. சம்பந்தி கிளட்சத் தையல் மிஷின் பெடல்னு நெனச்சுட்டார். வெச்ச கால எடுக்கவே மாட்டேங்கறார்."

மாப்பிள்ளைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தையல்காரரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார். மறுநாளிலிருந்து கடைக்குப் பஸ்ஸில் போனார். கார் சாவி ஆணியில் தொங்கியது.

கொஞ்ச நாள் கழித்து மகள் போன் செய்தாள். "அப்பா, இப்ப இவர்தான் ஓட்டறார். இவர் கால் கிளட்ச் பக்கமே போறதில்ல. ஆனா மேட்டுல அதே கததான்."

"கொண்டாந்து விடச் சொல்லு" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

பிளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரிபோல இருந்தது. பெட்ரோல் அதிகம், காற்று கம்மி. தொழிலுக்கு வந்த புதிதில் கற்றுக்கொள்கிற பாடம். காற்று வருகிற வழியைப் பார்ப்பதுதான் முறை. போன தடவை பார்க்கவில்லை. 'நான் போட்ட ஃபில்டர், அதில் என்ன இருக்கப்போகிறது' என்ற நினைப்பு.

ஃபில்டர் சுத்தமாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் இருந்த காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு ஆக்சிலேட்டரை இழுத்தார். கட்டவிழ்த்துவிட்டதுபோல இன்ஜின் சீறியது. குழாய்க்குள் விரலை விட்டார். வளைவில் துணி தட்டுப்பட்டது.

தண்ணீர் அடிக்கும்போது உள்ளே போகாமலிருக்கக் குழாய் வாயில் கழிவுத்துணியை அடைப்பது அவர் வழக்கம். கழுவி முடித்ததும் எடுத்துவிடுவார். எடுத்ததாகத்தான் நினைவு. இன்ஜின் அதை உறிஞ்சி உள்ளே இழுத்து வைத்திருந்தது.

அவர் காது மடல் இரண்டும் சுட்டன. சுற்றிலும் யாரும் இல்லை. துணியைக் குப்பையில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. போடப் போன கை, ஏனோ அதைச் சுருட்டிப் பையில் திணித்தது.

காரை அவரே மகள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். மேட்டில் அது குதித்தோடி ஏறியது அவருக்குச் சந்தோஷமாக இல்லை.

"நான் சொல்லல? அப்பா கை பட்டா போதும்" என்றாள் மகள். பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தையல்காரர் தலை நிமிரவில்லை.

"நல்லது. சாவிய ஆணியில மாட்டிடும்மா. எனக்குப் பஸ்ஸே சரியா இருக்கு. சொன்ன பேச்சு கேக்காத கால வெச்சுக்கிட்டு எதுக்கு வண்டி."

காது அவர் பக்கத்தில் போய் நின்றார். "உங்க கால்மேல தப்பில்ல சம்பந்தி. காத்துக் குழாய்ல துணி இருந்துச்சு. அடைச்சவனும் நான்தான், மறந்தவனும் நான்தான்." பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார்.

தையல்காரர் வாங்கி, தொழில் பழக்கத்தில் தொடைமேல் விரித்தார். எண்ணெய்க் கசடை நகத்தால் சுரண்டினார். அடியில் நீலக் கோடு தெரிந்தது. ஓரத்தில் ஒரு கழுத்துப்பட்டி.

"இது நான் தெச்ச சட்டை இல்ல?"

அப்போதுதான் காதும் பார்த்தார். தரையில் ஒரு பள்ளம் இருந்தால் இறங்கியிருப்பார். "கழுத்து கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுது..."

"பிடிச்சா சொல்றதுக்கென்ன? உள்ள துணி விட்டுத்தான் தெச்சேன். பிரிச்சு விட்டிருந்தா தீந்தது." துணியை நான்காக மடித்தார். "சாப்பாட்டு நேரத்துக்குப் பையன் வந்துடுவான். இத அவன் இருக்கறப்பவும் ஒரு தடவ சொல்லிடுங்க. அன்னிக்கு எல்லாரும் இருந்தாங்க."

சொன்னார். தட்டைப் பார்த்துக்கொண்டே, சட்டையையும் விடாமல் சொன்னார். மாப்பிள்ளை சிரிக்க வாயெடுத்து, தகப்பனார் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். மகள் அப்பாவுக்குக் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அதையும் அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

கிளம்பும்போது ஆணியிலிருந்து சாவியை எடுத்தவர் தையல்காரர். "வாங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் விடறேன்."

மேடு வந்தது. கார் அலுங்காமல் ஏறியது. காதின் கண் பழக்கதோஷத்தில் கீழே போயிற்று. இடதுகால் கிளட்ச் மேலேயே இருந்தது.

அவர் தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.