தொழில்: இல்லத்தரசி

1. மறுப்புக் கடிதம்

கிருபாவதி அந்தக் கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார். கதிரையில் அமர்ந்ததும் எடுத்து என் மேசையில் வைத்தார்.

"வாசியுங்கோ அண்ணை. மகன் போனில வாசிச்சுச் சொன்னவன். எண்டாலும் உங்கட வாயால கேக்கவேணும்."

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். திருகோணமலை துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு போட்டோகொப்பிக் கடைக்கு மேல்மாடியில் என் அறை. பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை ஆங்கிலத்துக்கு மாற்றுவதும் விசா விண்ணப்பம் நிரப்புவதும் இருபத்தாறு வருடமாக என் பிழைப்பு. டைப் செய்வது நஸ்ரின். என்னோடு ஒன்பது வருடமாக இருக்கிறாள், என்னைவிடக் கெட்டிக்காரி.

கடிதத்தில் இருந்தது வழமையான வாசகம்தான். விண்ணப்பதாரி வருகை முடிந்ததும் நாடு திரும்புவார் என்பதில் தமக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று, மகன் இருக்கும் நாட்டுத் தூதரகத்தின் விசாப் பிரிவு எழுதியிருந்தது. நான் தமிழில் சொன்னேன்.

"திரும்பி வரமாட்டன் எண்டு ஆர் அவைக்குச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்த படிவம் சொல்லியிருந்தது. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் அந்த நாட்டில். வீடு சல்லி என்ற கடலோரக் கிராமத்தில், சிறிய காணி. தொழில் என்ற இடத்தில் ஹவுஸ்வைஃப், அதாவது இல்லத்தரசி. கொழும்பில் இருந்து அதைப் படிக்கும் ஒருவர் வேறு என்ன நினைப்பார்?

மகனின் கல்யாணத்துக்கு ஏழு கிழமை இருந்தது. மண்டபம் எடுத்தாயிற்று. "அம்மா வராட்டி தள்ளி வைப்பம்" என்று மகன் சொல்லியிருந்தான். இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

2. நெத்தலி

நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது கிருபாவதியின் போன் அடித்தது. அவர் முகம் மாறியது.

"நெத்தலியை ஒருத்தரும் தொடாதேங்கோ. நான் வந்து பாக்கிறன். லொறிக்காரன் வந்தால் இருக்கச் சொல்லுங்கோ. போன முறை நனைஞ்சதை ஏத்தினதுக்குத் தம்புள்ளைச் சந்தையில ஏச்சு வாங்கினது நான்."

வைத்துவிட்டு, "சொல்லுங்கோ அண்ணை" என்றார்.

நஸ்ரின் டைப் செய்வதை நிறுத்தினாள். "அக்கா, யாருக்கு ஏசினீங்க?"

"வாடியில நிக்கிற பிள்ளையளுக்கு."

"யாருட வாடி?"

"என்ர கருவாட்டு வாடிதான். இவர் செத்தாப்பிறகு நான்தானே நடத்திறன். ஆறு பேர் வேலை செய்யினம்."

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் பழைய படிவத்தைப் பார்த்தேன். அது என் கையெழுத்து. முதல்முறை வந்தபோது, "தொழில்?" என்று கேட்டேன். "வீட்டிலதான் அண்ணை" என்றார். உண்மைதான். மீன் காயவைக்கும் அந்த வாடி அவர் வீட்டு வளவுக்குள்தான் இருக்கிறது. நான் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. வெளியே ஐந்து பேர் காத்திருந்தார்கள்.

"தங்கச்சி, பிழை என்னில" என்று கிருபாவதியிடம் சொன்னேன்.

"நீங்கள் கேட்டீங்கள். நான் சொன்னன். பாதிப் பிழை எனக்கும் எடுங்கோ. இனி என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்கோ."

தூதரகம் எங்களை வெளியே நிறுத்தி வைப்பதற்காகவே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தன் நாட்டவரின் கடவுச்சீட்டு தொலைந்தால் பார்ப்பதும், பத்திரங்களை அத்தாட்சிப்படுத்துவதும், விசா கொடுப்பதும் கொன்சியுலர் பிரிவின் வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு சல்லிக் கடற்கரை தெரியாது. அவருக்கு வாய்த்தது நாங்கள் அனுப்பும் கடதாசி மட்டும்.

ஒரு கிழமை அலைந்தோம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவின் பிரதி, கிராம சேவகரின் கடிதம், மீனவர் சங்கத்தின் கடிதம். நஸ்ரின் வாடிக்கே போய்ப் போட்டோ எடுத்து வந்தாள். காயவைக்கும் பரண்களில் கருவாடு, நடுவில் இடுப்பில் கை வைத்தபடி கிருபாவதி. முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டதையும், தொழில் சரியாக எழுதப்படாததையும் ஒளிக்காமல் ஒரு விளக்கக் கடிதத்தில் எழுதினேன். தன் தவறை ஆங்கிலத்தில் எழுதுவது நல்ல பயிற்சி.

3. தூதரகத்தின் அழைப்பு

புதிய விண்ணப்பம் கொடுத்துப் பன்னிரண்டாம் நாள் கிருபாவதி படியேறி வந்தார்.

"அண்ணை, தூதரகத்தில இருந்து போன் எடுத்தவை."

நான் எழுந்தே விட்டேன். "என்ன கேட்டவை?"

"ஒரு பிள்ளை நல்ல தமிழில கதைச்சது. கிருபாவதியோ எண்டு கேட்டது. ஓம் எண்டன். உங்கட விசா விசயமாக் கொஞ்சம் கதைக்கலாமோ எண்டது. இப்ப ஏலாது பிள்ளை, வலை கரைக்கு வந்திட்டுது, அரை மணித்தியாலத்தால எடுங்கோ எண்டு சொல்லி வைச்சிட்டன்."

நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். தூதரகத்தின் அழைப்பைத் துண்டித்தவர் என்று என் அனுபவத்தில் வேறு ஒருவரும் இல்லை.

"பிறகு எடுத்தவையோ?"

"எடுத்தது. எத்தினை பேர் வேலை, கருவாடு எந்த ஊருக்குப் போகுது, நீங்கள் போனால் ஆர் பாப்பினம் எண்டு கேட்டது. பதினெட்டு நாளுக்கு மேல நிக்க ஏலாது பிள்ளை, அதுக்குப் பிறகு கீரிமீன் வலையில படத் தொடங்கிடும், நான் இல்லாட்டி இவளவை உப்பை அள்ளிக் கொட்டிப்போடுவாளவை எண்டு சொன்னன். அது சிரிச்சது. நான் பிழையாக் கதைச்சிட்டனோ அண்ணை?"

இல்லை என்றேன். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் பயம்தான்.

எட்டு நாளில் கடவுச்சீட்டு கூரியரில் வந்தது. பிரிக்கத் தைரியமில்லாமல் கிருபாவதி அதை அப்படியே எங்களிடம் கொண்டுவந்தார். நஸ்ரின்தான் உறையைக் கிழித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். புரட்டிய கை நின்றது.

"அக்கா, கல்யாணத்துக்குச் சாறி எடுத்தாச்சா?"

கிருபாவதி கதிரையில் இருந்தபடியே கண்ணைத் துடைத்தார். பிறகு அந்த விசா ஸ்டிக்கரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

நான் மூன்று மணித்தியாலம் மினக்கெட்டு எழுதிய கடிதத்தைவிட அந்தத் துண்டித்த அழைப்பே வேலை செய்தது என்று இன்றும் நம்புகிறேன். அலைச் சத்தமும் வலைக்காரரின் சத்தமும் பின்னால் கேட்க, "இப்ப ஏலாது" என்று சொல்பவர் திரும்பி வருவாரா என்று யாருக்குச் சந்தேகம் வரும்?

போன பதினாறாம் நாளே கிருபாவதி திரும்பி வந்துவிட்டார். கல்யாணக் கேக்கோடு எங்களைப் பார்க்க வந்தார். அந்த நாடு எப்படி என்று கேட்டேன்.

"மருமகள் தங்கமான பிள்ளை. ஊரும் வடிவு. ஆனா வெயில் இல்லை அண்ணை. என்னத்தைக் காயவைக்கிறது?"

4. இப்போது நான் கேட்பது

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். படிவத்தில் உள்ள கேள்வியை அப்படியே வாசித்துக் காட்டி, வந்த பதிலை அப்படியே எழுதாதீர்கள். எங்கள் சனம் தாங்கள் செய்வதைத் தொழில் என்று சொல்லத் தெரியாத சனம். தூதரகத்துக்குப் பொய் எழுதினால் பிடிபடுவோம். உண்மையைக் குறைத்து எழுதினாலும் அது பொய்தான்.

போன மாதம் கிண்ணியாவில் இருந்து ஒருவர் வந்தார். வெளிநாட்டில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போகவேண்டும். காலையில் எழும்பினால் முதல் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல மாஸ்டர், சும்மாதான் இரிக்கன். எருமையளப் பாத்து, பாலெடுத்து, தயிர் போடுறத்துக்கு ஆக்கள்ட குடுத்து உடுவன்."

"எத்தனை எருமை?"

"அறுவது இரிக்கும்."

நஸ்ரின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.