மச்சானைப் பார்த்துக் குந்தினேன்

சண்டைக் காலம் அது. இரத்தக்குழாய் அடைப்புக்காகக் கொழும்பில் மச்சானுக்கு இதயத்திலும் எனக்கு முழங்காலுக்குப் பின்னாலும் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழாய் வைத்தார்கள். "கனநேரம் குந்தியிருக்காதீங்க" என்று டொக்டர் சொன்னது எனக்கு மட்டும்தான்.

எங்கள் ஊரான ஆரையம்பதிக்குத் திரும்பியதும் மச்சான் பழையபடி தோணிக்குள் முழங்காலை மடக்கிக் குந்தியிருந்து வலையில் நண்டு கழற்றினார். நான் கரையில், கதிரையில் சாய்ந்தபடி. "அண்ணன் முந்தி மாதிரியே ஆகிட்டார்" என்று என் மனைவி வேறு சொல்லிக் காட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு பேருக்கும் ஸ்டென்ட்தானே!

அடுத்த நாள் நானும் தோணியில் ஏறினேன். பொழுது சாய முன் கரையேற வேண்டும் என்பது ஆமியின் கட்டளை. அதனால் எழும்பாமல் குந்தியிருந்தே நண்டு கழற்றினேன். இறங்கும்போது பாதம் மரத்திருந்தது.

"இஞ்ச பாருங்க, கால் சில்லெண்டு கிடக்கு!" என்று மனைவி அலறினாள். வழியில் சென்றிக் காவலரணில் ஆமியிடம் கெஞ்சி, என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அதே மச்சான்தான்.

"அவர் குந்தினா நெஞ்சில இருக்கிறது மடங்காது. நீங்க குந்தினா உங்கட ஸ்டென்ட் முழங்காலோட சேர்ந்து மடங்கும்" என்றார் டொக்டர். மடங்கிய இடத்தில் இரத்தம் கட்டியிருந்ததாம். மருந்தேற்றிக் கரைத்தார்கள். கால் தப்பியது.

இப்போது தோணியில் பலகை போட்டு, காலை நீட்டியபடியே நண்டு கழற்றுகிறேன். மச்சான் எதிரே குந்தும்போது மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.