முறையாகச் சூடேற்றவில்லை

அந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது. இன்றைக்கும் கோபம் முதலில் என் மேல்தான் வருகிறது. மற்றவர்கள் மேல் அதற்கப்புறம்.

ஒரகடத்தில் இன்ஜின் சோதிக்கிற ஓர் இடத்தில் வேலை பார்க்கிறேன். ஆறு வருஷமாக காண்ட்ராக்ட். கான்கிரீட் அறைக்குள் இன்ஜினைப் பூட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாள்கணக்கில் ஓட்டிப் பார்ப்போம். உடைவதாக இருந்தால் இங்கேயே உடையட்டும், ரோட்டில் உடையக் கூடாது. அதற்காகத்தான் இந்த வேலையே இருக்கிறது. ஆனால் நிஜமாகவே ஒன்று உடைந்துவிட்டால் எந்த ஆள் மேல் போடலாம் என்று தேடுவார்கள்.

போன வருஷம் வந்தது ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கிற இன்ஜின். வேகமான காருக்கானது. அந்தக் காரில் நான் ஏறப்போவதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமான சத்தத்தை நான் கேட்டதில்லை. அதில் ஒரு தொல்லை உண்டு. ஆறும் வரிசையாக நின்றால் அடியில் சுற்றுகிற க்ராங்க் ஷாஃப்ட்டும் நீளமாகிவிடும். வேகம் கூடக் கூட, ஈரத்துண்டைப் பிழிகிற மாதிரி அது முறுக்கிக்கொண்டு திரும்பும். அதை அடக்குவதற்கு முன்முனையில் டேம்பர் என்று ஒரு வட்டு இருக்கிறது. நடுவில் இரும்பு, வெளியே ஓர் இரும்பு வளையம், இரண்டையும் பிடித்துவைக்க இடையில் ரப்பர்.

முதல் இன்ஜின் என் ஷிப்ட்டில், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் உடைந்தது. ஒரே சத்தம். கண்ணாடி அதிர்ந்தது. பிரித்துப் பார்த்தால் ஆறாவது சிலிண்டர் பக்கம் க்ராங்க் இரண்டு துண்டாகக் கிடந்தது. டேம்பர் பார்வைக்கு முழுசாக இருந்ததால் அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

மேனேஜர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். டிசைனில் கோளாறு என்றால் பத்துக் கேள்வி வரும். ஆபரேட்டர் தப்பு என்றால் ஒரு கேள்வியும் வராது. சோதனையை முழுக்கக் கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது. காலையில் இன்ஜினைச் சூடேற்றுவது மட்டும்தான் எங்கள் கையில் இருக்கிறது. அதைப் பிடித்தார்கள். ‘நான் இன்ஜினை முறையாகச் சூடேற்றவில்லை, இனி இவ்வாறு நடக்காது’ என்று ஒரு கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. ஆயில் சூட்டை நான் குறித்துவைத்த தாள் அதே மேஜையில் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“சும்மா ஃபார்மாலிட்டிதான்பா. பொங்கலுக்கு மேல உன் ரின்யூவல் வருது இல்ல?” என்றார்.

போட்டுவிட்டேன்.

என் ஷிப்ட்டில் கூட வேலை பார்க்கிறவன் பக்கத்துக் கிராமத்துக்காரன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். டீ குடிக்கும்போது பிடித்துக்கொண்டான். “இன்னாத்துக்குடா கையெழுத்துப் போட்ட? ஆயில் தொண்ணூறு டிகிரி வந்தப்புறம்தான லோடு குடுத்த? நான் பாத்துகினுதான இருந்தேன்.”

அதை அங்கே வந்து சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நானும் காண்ட்ராக்ட்தான்டா.”

டீ கிளாஸை வைத்துவிட்டு இரண்டு பேரும் வேலைக்குத் திரும்பினோம்.

இரண்டாவது இன்ஜினை ஏற்றிய வாரம் ஆயுத பூஜை. வெளியே டூல்ஸுக்குப் பூஜை, கேட்டுக்கு முன்னால் பூசணிக்காய், எல்லாம் நடந்தது. சோதனை அறைக்குள் மட்டும் சந்தனம், குங்குமம், விபூதி எதுவும் கூடாது, பொடி சென்சாருக்குள் போகும் என்று சேஃப்டி ஆபீசர் சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. போல்ட்டில் அடையாளம் போடுகிற வெள்ளை பெயின்ட் பேனாவை எடுத்து, டேம்பர் முகத்தில் விபூதிப் பட்டை வரையப் போனேன். முதல் கோடே கோணிக்கொண்டது.

“குட்றா இங்க. உங்க சாமி பாத்தா கோச்சுக்கப் போவுது” என்று பேனாவைப் பிடுங்கி அவன்தான் வரைந்தான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஸ்கேல் வைத்த மாதிரி மூன்று கோடு.

நான்காம் நாள் பெல்ட் பார்ப்பதற்காக ஓட்டத்தை நிறுத்தி மூடியைக் கழற்றினோம். நடு இரும்பில் கோடுகள் ஒரு பக்கம் பார்த்தன. வெளி வளையத்தில் அதே கோடுகளின் மீதி ஒரு விரல் அளவு தள்ளி நின்றது. யாரோ மாற்றி வரைந்து விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் விரலை வைத்துப் பார்த்தான்.

“வளையம் நகந்துகினு கீதுடா” என்றான்.

ரப்பர் பிடியை விட்டிருந்தது. வளையம் தனியாக வழுக்குகிறது என்றால் க்ராங்கின் முறுக்கலை அடக்க ஆளே இல்லை. அப்படியே விட்டிருந்தால் இதுவும் உடைந்திருக்கும். முதல் இன்ஜின் எப்படிப் போனது என்று அங்கே நிற்கும்போதே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

மேனேஜரைக் கூப்பிட்டோம். குனிந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: “இதுல கிறுக்குறதுக்கு யாரு பர்மிஷன் குடுத்தா?”

டேம்பர் இருக்கிற மூலையில் அடிக்கிற சூட்டுக்கு ரப்பர் தாங்கவில்லை என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். வேறு ரப்பர் வைத்த டேம்பர் வந்தது. இன்ஜின் மொத்த மணிநேரத்தையும் ஓடி முடித்தது. மீட்டிங்கில் எங்கள் மூன்று கோடுகளையும் படமாகப் பெரிய திரையில் காட்டினார்கள். யார் போட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. இப்போது எல்லா டேம்பரிலும் கோடு போட வேண்டும் என்பது விதி. அதைத் தாளில் அடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

நான் போய் என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன்.

“அது ஃபைலுக்குப் போயிடுச்சுப்பா. யாரு அதை எடுத்துப் படிக்கப் போறாங்க?”

“யாரும் படிக்கலன்னா குடுத்துடுங்க சார்.”

எடுப்பதற்கு சிஸ்டத்தில் வழி இல்லையாம். போடுவதற்கு மட்டும் வழி இருக்கிறது.

கேன்டீனில் உட்கார்ந்து கையால் எழுதினேன், தமிழில். அன்றைக்கு ஆயில் தொண்ணூறு டிகிரியில் இருந்தது, முறையாகச் சூடேற்றினேன், க்ராங்க் உடைந்தது டேம்பரால், முந்தைய கடிதத்தில் இருப்பவை என் வார்த்தைகள் அல்ல. எடுத்துக்கொண்டு எழுந்தபோது அவனும் தட்டை வைத்துவிட்டுக் கூட வந்தான். நான் கூப்பிடவில்லை.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். அவன் சொன்னான், “சார், அன்னிக்கு நானும் ஷிப்ட்ல இருந்தேன். இவன் எழுதினது நெஜம். நானும் கையெழுத்துப் போடறேன்.” என் கையெழுத்துக்குக் கீழே போட்டான். மேனேஜர் ஓரத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதினார். வருத்தம் என்றோ தவறு என்றோ ஒன்றும் எழுதவில்லை, வாயாலும் சொல்லவில்லை.

இரண்டு கடிதமும் இப்போது அதே ஃபைலில் இருக்கின்றன. பொங்கல் முடிந்து ரின்யூவல் வந்தது. எப்போதும் ஒரு வருஷத்துக்குப் போடுவார்கள். இந்தத் தடவை அவனுக்கும் எனக்கும் மட்டும் மூன்று மாசம்.